மூன்று நீச்சல் உடைகளும் ஒரு அளவு ஜாக்கெட்டும்

பொட்டிப்புரம்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு உமாதேவி எழுதுவது. இங்கே நான், அபிதா, அத்தை எல்லோரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. போன வாரம் போனில் நீங்கள் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது, துபாயில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நீங்கள் இருப்பது ஆறு பேர் படுக்கும் அறை. நான் மார்பளவு, இடுப்பளவு என்று வாயைத் திறந்ததுமே 'பக்கத்துல ஆளுக இருக்காக, அப்புறம் பேசுவோம்' என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. நீச்சல் குளத்தில் என் கூட இருக்கும் பிரின்சியின் அண்ணன் ஞானசிகாமணி லீவு முடிந்து துபாய்க்குத் திரும்புகிறார். அவரிடம்தான் இந்தப் பார்சலைக் கொடுத்தனுப்புகிறேன். அதிரசம் என்று சொல்லியிருக்கிறேன். ஆளுக்கு ஒன்று கொடுக்கலாம் என்று எல்லோர் முன்னாலும் பிரித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது நீங்கள் எனக்கு அனுப்பிய மூன்று நீச்சல் உடைகள்.

முதலிலிருந்து சொல்கிறேன், இந்தத் தடவையாவது காதில் வாங்குங்கள். தேனி நீச்சல் குளத்தில் சனி, ஞாயிறு பெண்கள் நேரத்துக்கு நான் காவலுக்கு நிற்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பயிற்சி கொடுக்கும் ராயப்பன்பட்டி பிரின்சிதான், நான் ஒரே மூச்சில் குளத்தின் அடியோடு அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்துவிட்டு, இதற்கென்றே போட்டி இருக்கிறது என்றாள். ஃப்ரீடைவிங் என்று பெயர். சிலிண்டர் எதுவும் கிடையாது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்கடியில் எவ்வளவு தூரம் போகிறோம் என்பதுதான் போட்டி. அடுத்த மாதம் கொச்சியில் நடக்கிறது. குச்சனூரில் எங்கள் அப்பா கிணற்றில் விழுந்த வாளிகளை முங்கி எடுத்துக்கொண்டிருந்தவளை ஒருத்தி போட்டிக்குக் கூப்பிடுகிறாள், நான் போகாமல் இருப்பேனா? அதற்கு எனக்கு வேண்டியதெல்லாம் உடம்போடு ஒட்டி நிற்கிற ஒரு உடை.

தேனியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் அளவு, இல்லையென்றால் பாவாடை வைத்த மாடல். 'துபாய்ல கெடைக்காததா, நான் அனுப்புறேன்' என்றீர்கள். நானும் நம்பினேன்.

முதலில் வந்தது எது தெரியுமா? முழங்கை வரைக்கும் கை, முழங்கால் வரைக்கும் பாவாடை. அதைக் கொடியில் காயப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு அத்தை, 'ஏ ஆத்தா, மேலத்தெருக்காரக என்னமோ கூடாரம் கட்டியிருக்கான்னு கேட்டுட்டுப் போறாக' என்றார்கள். குளத்தில் சுவரை உதைத்துக் கிளம்பியதும் கழுத்து வழியாகத் தண்ணீர் புகுந்து முதுகுப் பக்கம் பலூன் மாதிரி ஊதிக்கொண்டது. பாவாடை மேலே ஏறி வந்துவிட்டது. ஒரு குடம் தண்ணீரை முதுகில் கட்டி இழுத்துக்கொண்டு போனால் மூச்சு எப்படி நிற்கும்? பாதிக் குளம் தாண்டுவதற்குள் மேலே வந்துவிட்டேன்.

இரண்டாவதில் பாவாடை இல்லை. சந்தோஷப்பட்டேன். போட்டுப் பார்த்தால் என்னைப் போல இன்னொருத்திக்கும் உள்ளே இடம் இருந்தது. தோளில் மாட்டும் பட்டை இரண்டும் நழுவி நழுவி முழங்கைக்கு வந்தன. அத்தை, 'ரெண்டு பக்கமும் பிடிச்சு ஒரு தையல் போட்டாத் தீந்துச்சு, அதுக்கு எதுக்கு எம்மகன வையுற' என்று சொல்லி, அவர்களே மெஷினில் ஓட்டிக் கொடுத்தார்கள். அந்தத் துணி இழுத்தால் நீளும், தையல் நூல் நீளுமா? குளத்தில் இறங்கிக் கையை மேலே தூக்கினேன், அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் பட்டென்று விட்டுவிட்டது. பெண்கள் நேரமாக இருந்ததால் மானம் தப்பியது.

பெரிதாக இருக்கிறது, பொருந்தவில்லை என்று போனில் தலைதலையாக அடித்துக்கொண்டேன். அதற்கு நீங்கள் செய்தது, அதே அளவில் நீலக் கலரில் இன்னொன்று அனுப்பியதுதான். கலர் பிடிக்கவில்லையோ என்று நினைத்தீர்களாம். உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது மாமா?

கடைசியில் பிரின்சிதான் டேப்பை எடுத்தாள். தோளில் பிடித்து முன்பக்கம் இறக்கி, காலிடுக்கு வழியாகக் கொண்டுபோய், முதுகுப் பக்கமாக மறுபடி அதே தோளுக்கு ஒரு அளவு. மார்பளவு எடுக்கும்போது மூச்சை முழுசாக இழுத்து நிரப்பிக்கொள்ளச் சொன்னாள். நம் ஊரில் எந்தத் தையல்காரி அப்படி அளவெடுத்தாள்? அவளுடைய பழைய உடை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், நெஞ்சைப் பிடித்தது, பாதி மூச்சுக்கு மேல் உள்ளே போகவில்லை. அதற்கு அடுத்த அளவில் கொச்சியிலிருந்து ஒன்று வரவழைத்தாள். மூச்சை நிரப்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டி, குனிந்து நிமிர்ந்து பார்த்தேன். முதுகில் இடைவெளி விழவில்லை, தோளில் பட்டை அறுக்கவில்லை. நனைந்தால் கொஞ்சம் இளகும், அதனால் காய்ந்திருக்கும்போது சற்று இறுக்கமாகவே இருக்கட்டும் என்றாள். நேற்று அதைப் போட்டுக்கொண்டு குளத்தின் அடியோடு போய்த் திரும்பினேன். உடம்பில் துணி இருக்கிற நினைப்பே வரவில்லை. பிரின்சி என் கூடவே தண்ணீரில் வந்தாள். தனியாக ஒருநாளும் மூச்சடக்க மாட்டேன், அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

ஆக, உடைக்கு இனி உங்களை எதிர்பார்க்கவில்லை. நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

அந்த நீல உடை வந்த அன்று, எந்த அளவை வைத்துத்தான் வாங்கித் தொலைக்கிறீர்கள் என்று கத்தினேன்.  நீங்கள் மெதுவாக, 'ஒன் அளவு ஜாக்கெட்டு என்கிட்டத்தான் இருக்கு, அதக் கடைக்குக் கொண்டுபோயி வச்சுப் பாத்துத்தான் வாங்குனேன்' என்றீர்கள். அந்த அரக்குக் கலர் ஜாக்கெட். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போனீர்களாம். நான் அதை வீடு முழுக்கத் தேடிவிட்டு, தைக்கக் கொடுத்த இடத்தில் சந்தனம்மாள்தான் தொலைத்துவிட்டாள் என்று அவளோடு மல்லுக்கட்டி, இன்றுவரைக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இனி எந்த முகத்தோடு அவள் வீட்டைத் தாண்டிப் போவேன்? அதை நீங்களே வந்து அவளிடம் சொல்லுங்கள்.

துபாய்க் கடையில் அத்தனை பேர் நடுவில், நீச்சல் உடை மேல் என் ஜாக்கெட்டை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நினைத்தால் எரிச்சலாக வருகிறது. சிரிப்பும் வருகிறது. போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழவும் செய்தேன்.

மாமா, அந்த ஜாக்கெட் அபிதா கைப்பிள்ளையாக இருந்தபோது தைத்தது. பால் கொடுத்த உடம்புக்கு எடுத்த அளவு. இப்போது அவள் ஒன்றாம் வகுப்பு. முன்பல் விழுந்துவிட்டது. அவளுக்கு நீங்கள் அனுப்பும் கவுன் எல்லாம் சிறிதாக இருக்கிறது, எனக்கு அனுப்புவதெல்லாம் பெரிதாக இருக்கிறது. வீடியோவில் பார்க்கிறேனே என்பீர்கள். வீடியோவில் என் முகமும் பின்னால் அடுப்படிச் சுவரும்தான் தெரியும். உங்களைக் குறை சொல்ல முடியாது, நீங்கள் சரியாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள். விட்டுவிட்டுப் போனவளுக்கு வாங்கியிருக்கிறீர்கள். அவள் இப்போது இந்த வீட்டில் இல்லை.

தீபாவளிக்கு வருகிறேன் என்றீர்கள், ஓவர்டைம் என்று தள்ளினீர்கள். வைகாசிக்கு என்றீர்கள், ஆள் பற்றாக்குறை என்று தள்ளினீர்கள். அத்தை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். டவுன் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு, கோழியை விரட்ட வந்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.

நாலாவது உடை அனுப்பாதீர்கள். அந்த ஜாக்கெட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அது ஆகாது. ஆனால் இனிமேல் எந்தக் கடைக்கும் அதைக் கொண்டுபோக வேண்டாம். டிக்கெட் எடுத்துவிட்டுப் போன் செய்யுங்கள்.

குச்சனூர்க் கோயிலில் உங்கள் பேருக்கு எள் தீபம் போட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கொச்சியில் நான் ஜெயிப்பேனோ தோற்பேனோ தெரியாது. தண்ணீருக்குள் மூச்சு முட்டும்போது எனக்குப் பயமே இல்லை மாமா, மேலே வந்தால் கையைப் பிடிக்கப் பிரின்சி இருக்கிறாள். வீட்டிலும் நாலு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வழியையே பார்த்திருக்கும்
உமாதேவி