கோழித் தடை நீடிக்கிறது

திங்கள். காலையிலிருந்து மழை.
சமூக மன்ற நாடகத்துக்கு நகைச்சுவை எழுதித் தர வேண்டும். இதுவரை எழுதியது தலைப்பு. அதையும் அடித்தாயிற்று.
டேக்கா சந்தையில் கோழி வாங்கப் போனேன். மலேசியா இங்கே கோழி அனுப்பாமல் போட்ட ஏற்றுமதித் தடையை எப்போதோ எடுத்துவிட்டது. அப்போது ஏறிய விலைக்குத்தான் இறங்கத் தெரியவில்லை. கடைக்காரர்: "ஏறினா இறங்க இது என்ன லிஃப்டா லா?" திட்டிக்கொண்டே இரண்டு வாங்கினேன்.
பூன் லே வீட்டுக்குத் திரும்பியதும் லிஃப்டில் எதிர்வீட்டுச் செல்வி. மகள் யாழினிக்குப் பள்ளிப் பரிசோதனையில் எடை போதவில்லையாம். நான், பெரிய டாக்டர் மாதிரி: "கோழி, மீன் ஒண்ணும் குடுக்கிறதில்லையா? தினம் சோயா சாஸ் சோறுதானா?" செல்வி சிரித்து மழுப்பினாள். ஆறாம் மாடி விமலாவுக்கு உடனே போன்: "சமைக்கச் சோம்பல்டி அவளுக்கு." நன்றாகச் சிரித்தோம்.

புதன். வெயில். துணி காய்ந்தது.
யாழினி வழக்கம்போல என்னிடம் தமிழ் வாசிக்க வந்தாள். அடுப்பில் குழம்பு. வாசனை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.
"ஆண்ட்டி, இது கோழியா?"
"பின்ன, யானையா?"
"மலேசியா இன்னும் கோழி அனுப்பலன்னு அம்மா சொன்னாங்க. வந்ததும் சமைப்பாங்களாம்."
சிரித்தேன். கடவுளே, சிரித்தேன். "அடி மக்கு, அது எப்பவோ வந்தாச்சு! டேக்கா முழுக்கக் கோழிதான்!"
தொடைத்துண்டு வைத்தேன். எலும்பு வரை தின்றாள். பிறகு:
"எல்லாருக்கும் வந்திடுச்சா ஆண்ட்டி?"
அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

வெள்ளி. வானம் மப்பு. முழங்கால் வலி.
நேற்று மாலை எதிர்வீட்டிலிருந்து யாழினி குரல்: "ஏம்மா பொய் சொன்னீங்க?" காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.
விமலா போன்: "என்னடி புது நியூஸ்?" ஒன்றுமில்லை என்றேன். அவளுக்கே சந்தேகம், உடம்பு சரியில்லையா என்று.

சனி.
டப்பாவில் கோழிக் குழம்போடு போய்க் கதவைத் தட்டினேன். மன்னிப்புக்கு ஒத்திகை பார்த்திருந்தேன்; எப்படிச் சொன்னாலும் ஜோக்காகவே வந்தது. செல்வி கம்பிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வாங்கிக்கொண்டாள். பிள்ளைக்காக மட்டும்.
"அவருக்கு ஓவர்டைம் நின்னதிலேர்ந்து இப்படிச் சொல்லித்தான் ஓட்டினேன்க்கா. அவ மலேசியா மேல கோவப்பட்டா படட்டும். எங்க மேல வேணாம்."
ஏதோ உளறினேன்.
"நீங்கதான் நாடகம் எழுதுவீங்களே. மீன் ஏன் வாங்கலன்னு கேட்டா என்ன சொல்லலாம்னு எழுதிக் குடுங்கக்கா."
குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே கேட்கிறாள்.

ஞாயிறு. மறுபடி மழை.
எழுத உட்கார்ந்தேன். "இந்தோனேசியக் கடலில் மீன்களெல்லாம் வேலைநிறுத்தம்." அடித்தேன். "இனி யாருக்கும் மீன் வராது." அதையும் அடித்தேன், என் வீட்டு மீன் வாசனையை யாழினி மோப்பம் பிடித்துவிடுவாள்.
மதியம் ஜன்னலை இறுக்கமாக அடைத்துவிட்டு மீன் பொரித்தேன்.