கோழிக்குப் போகாத அரிசி

இன்று காலை ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் பின்னறைக்குப் போய் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தேன். ரேஷன் அரிசியின் வாடை, பொன்னியின் மணம், பூச்சி வராமலிருக்க யாரோ போட்டிருந்த வேப்பிலையின் கசப்பு எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறின. உடனே நீ வந்துவிட்டாய். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை கையை விட்டு அரிசியைத் துழாவியபடி நின்றாய். "இன்னாமே பாத்துக்கினு நிக்கிற, தூக்க இப்டிக் குடு" என்று என் கையிலிருந்த தூக்குவாளியைக் கேட்பாய் என ஒரு நொடி காத்தும் நின்றேன். பிறகு வேண்டியதை அள்ளிக்கொண்டு மூடியைப் போட்டேன்.

அந்த அரிசிதான் இப்போது என் அடுப்பில் கொதிக்கிறது. அது குழைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். அதுவரை உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அழுதுகொண்டே எழுதுகிற மடல் இல்லை இது. அழுகை எனக்குச் சரியாக வராது, உனக்கும் அது பிடிக்காது. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நீ மூட்டிய அடுப்பு போன வாரம் அணைந்துபோக இருந்தது. என்ன ஆயிற்று என்பதைப் பழைய கதையிலிருந்து வந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். குறுக்கே பேசாமல் கேள்.

நம் சபையில் கைப்பிடி அரிசி எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. சமைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். அது ஆண்டவருடைய பங்கு. ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கொண்டுவந்து டிரம்மில் கொட்ட வேண்டும். நம் அப்பா அம்மா கழனி வேலைக்குப் போய் நெல்லைக் கூலியாக வாங்கிய காலத்துப் பழக்கம். நாம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுகிறவர்களாகிவிட்டோம், ஆனாலும் அந்தப் பிடி நிற்கவில்லை. எதிர்வீட்டுக்காரி என்பதால் என் பிடியின் அளவு உனக்கு நன்றாகத் தெரியும். "ஆண்டவருக்கே வெரல மூடிக்கினு அள்ளுறியே, கட்டிக்கினவனுக்கு இன்னாதான் போடுவ" என்று கேட்டுச் சிரிப்பாய்.

மாதக் கடைசி ஞாயிறு அந்த அரிசியை ஏலம் விடுவார்கள். எடுப்பவர் எப்போதும் மோசஸ் அண்ணன்தான். அவர் தன் வீட்டுக்குப் பின்னால் கோழி வளர்க்கிறார். மனிதர்கள் யாருக்கும் அந்த அரிசி ஆகாது. ஒரு வீட்டிலிருந்து ரேஷன் அரிசி வரும், இன்னொரு வீட்டிலிருந்து புழுங்கல், வேறொரு வீட்டிலிருந்து பச்சரிசி. எல்லாம் கலந்ததை ஒரே பானையில் போட்டால் ஒன்று கூழாகிவிடும், ஒன்று வெந்திருக்காது. அதனால் ஆண்டவர் பங்கு ஏலத்துக்குப் போகும், ஏலத்திலிருந்து கோழிக்குப் போகும். இத்தனை வருஷமாக இதில் என்ன குறை என்று நான் யோசித்ததே கிடையாது.

நீ யோசித்தாய், பிகாஷைப் பார்த்த பிறகு.

நம் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஆலயத்தின் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அந்த லைன் வீடுகளில் வடநாட்டுப் பையன்கள் அறைக்கு நாலைந்து பேராக இருப்பார்கள். இரும்புக் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை. நாம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர்களில் ஒருவன் தினமும் வாசற்படியில் தலையைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருப்பான். எனக்கு அவன் ஒரு வடநாட்டுப் பையன், அவ்வளவுதான். நீ ஒருநாள் பஸ்ஸை விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் அவன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாய். மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கூட இருந்தவர்கள் எல்லோரும் ஷிப்டுக்குப் போய்விட்டால் சமைத்துப் போட ஆளில்லை. ஒடிசாவிலிருந்து வந்தவன் என்பதும் பெயர் பிகாஷ் என்பதும் மட்டும்தான் அன்றைக்கு உனக்குப் புரிந்தது.

அன்று ஒரு நாள் சம்பளம் போயிற்று உனக்கு. மறுநாள் பஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொண்டாய். "ஆண்டவருக்குன்னு எட்த்து வெக்கிறோம், கோழி துன்னுது. சர்ச்சுக்குப் பின்னாடியே ஒருத்தன் துன்னாம கெடக்குறான். இது இன்னா நாயம்மே?" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் குரலில் அந்த ஏற்றம் வந்தால் அடுத்து எனக்கு ஏதோ வேலை வரப்போகிறது என்று தெரியும்.

வேலை வந்தது. டிரம்மிலிருந்து அரிசியை அள்ளி, அது என்ன அரிசி என்று நன்றாகத் தெரிந்தும், சோறாகவே வடித்தாய். கோழிக்காரருக்கே தெரிந்த விஷயத்தை நீ அவசரத்தில் மறந்துவிட்டாய். ஒரு பக்கம் களி, ஒரு பக்கம் கல். நான் சிரித்த சிரிப்பில் உனக்குக் கோபம் வந்து கரண்டியைத் தூக்கிக் காட்டினாய். கொட்டிவிடலாம் என்றேன். "ஆண்டவர் பங்க எங்கமே கொட்டுறது" என்று சொல்லிப் பானையில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டாய்.

மறுநாள் அதைக் கரைத்து, மோர் விட்டு, உப்புப் போட்டு, உன் தூக்கில் ஊற்றிக்கொண்டு போனோம். இரவு முழுக்க ஊறியதில் கல்லாக இருந்ததும் மெத்தென்று ஆகியிருந்தது. பிகாஷ் தூக்குக்குள் எட்டிப் பார்த்தான். அவன் சிரித்து நாம் பார்த்தது அதுதான் முதல் தடவை. "பகால்" என்றான். நம் பழைய சோற்றுக்கு அவன் ஊரில் அதுதான் பெயராம். அவன் அம்மாவும் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைப்பாளாம். இதையெல்லாம் கையைக் காட்டித்தான் சொன்னான், சொல்லும்போதே அழுதுவிட்டான். நீயும் அழுதாய். நான் தூக்கைக் கழுவப் போய்விட்டேன்.

அவன் எழுந்து நடமாடும் வரை அந்தக் கஞ்சி போனது. அதற்குள் பக்கத்து அறையில் ஒருவன் காய்ச்சலில் படுத்தான், பிறகு இன்னொருவன் கையில் அடிபட்டு வந்தான். மாதக் கடைசியில் ஏலம் விடப் போனால் டிரம்மின் அடி தெரிந்தது. சபைச் செயலாளர் எல்லோர் முன்னாலும் யாரைக் கேட்டு எடுத்தாய் என்று கேட்டார். "யாருக்குன்னு எட்த்து வெச்சமோ, அவர்கிட்டதான் கேட்டேன்" என்றாய். செயலாளர் பொல்லாதவர் இல்லை. சோற்றைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று யாராவது கிளப்பிவிட்டால் சபைக்குப் பேஜாராகிவிடும் என்று பயந்தார், அதில் தப்பும் இல்லை. போதகர் கஞ்சி கொடுக்கும் முன் ஒரு சின்ன ஜெபமாவது செய்யலாமே என்று கேட்டார். அதற்கு நீ சொன்னதைச் சபையில் இன்னும் யாரும் மறக்கவில்லை.

"கஞ்சி அவன் பசிக்கு ஐயா. ஜெபம் எனுக்கு. அத நா ஊட்லயே பண்ணிட்டு வந்துட்றேன்."

போதகர் சிரித்துவிட்டார். அந்த மாதத்திலிருந்து ஏலம் நின்றது. நஷ்டம் மோசஸ் அண்ணனுக்குத்தான். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் தன் கோழிகளின் சாபம் உன்னைச் சும்மா விடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீயும் அந்தக் கோழிகளை நலம் விசாரிக்காமல் விட்டதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் நீ யாருக்கும் வேதம் சொன்னதில்லை. பாட்டுப் பாடினால் கட்டைக் குரல், பாடகர் குழுவில் உன்னைச் சேர்க்கவில்லை. விசுவாசம் என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் உனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. தூக்கை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டியிருப்பாய். எனக்கு அது போதுமான பதில். பெரிய கூட்டங்களுக்கெல்லாம் போய் வந்தேன், இதைவிடத் தெளிவான பிரசங்கம் நான் கேட்டதில்லை.

பிறகு அந்த நாள். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் கண்ண மூடிக்கிறேன்மே" என்று ஜன்னலில் தலையைச் சாய்த்தாய். கவரைப்பேட்டை தாண்டியதும் எழுப்பினேன். நீ எழுந்திருக்கவில்லை. உன் தோள் என் மேல் சாய்ந்திருந்த கனம் இன்னும் போகவில்லை, போக வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே பிகாஷ் நின்றான். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மோசஸ் அண்ணன்தான் போய் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தார், மண்ணை அள்ளி அவன் கையில் கொடுத்துப் போடச் சொன்னார். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்கிற உன் மகன், அம்மா ஞாபகமாக என்ன வேண்டும் அத்தை என்று கேட்டான். தூக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூடி நசுங்கியதுதான், துணியால் கட்டினால் நிற்கிறது.

கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோகிற வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் நீ இருக்கும்போது வாயைத் திறக்காதவர்களுக்கு இப்போது வாய் வந்தது. டிரம் இருக்கிற அறை ஞாயிறு பள்ளிக்கு வேண்டும், சுற்றுச்சுவர் கட்ட வேண்டும், பழையபடி ஏலம் விட்டால் சபைக்கு ஏதோ வரும் என்றார்கள். போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடி முடிவெடுப்பதாக இருந்தது. நியாயமான காரணங்கள்தான். எதிர்த்துப் பேச உன்னைப் போல எனக்கு வராது. நான் எப்போதும் கடைசி பெஞ்சு.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை பிகாஷ் வீட்டுக்குப் போனேன். அவன் இப்போது வேறு கம்பெனியில் பிட்டர், ஊரிலிருந்து மனைவியையும் அழைத்து வந்துவிட்டான். சுவரில் அவர்கள் சாமி ஜெகந்நாதரின் படம். கீழே ஒரு டப்பா. அவன் மனைவி அரிசி களையப் போனாள், அதற்கு முன் ஒரு பிடி எடுத்து அந்த டப்பாவில் போட்டாள். சாமிக்கா என்று கேட்டேன். அம்மாவுக்கு என்றான் பிகாஷ். உன்னை அம்மா என்றும் என்னை அக்கா என்றும் கூப்பிடுவதில் உனக்கு எவ்வளவு எரிச்சல். அம்மாதான் இல்லையே என்றேன். உன்னிடம் கற்ற தமிழிலேயே பதில் சொன்னான்.

"அம்மா பூட்டாங்க, தெரியும்கா. பசி பூடலியே. இன்னொருத்தன் படுத்துக்கினு கீறான் பாரு."

அந்த டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு கமிட்டிக்குப் போனேன். செயலாளர் ஏலத்தைப் பற்றிப் பேசி முடித்தார். நான் எழுந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து மேஜை வரைக்கும் போனேன், அதை நீ நம்ப வேண்டும். இது நம் சபைக்காரர் வீட்டு அரிசி இல்லை, பிகாஷ் வீட்டுப் பிடி, அவன் சாமி படத்துக்குக் கீழே இருந்து எடுத்து வந்தேன் என்றேன். டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்தேன். "இதையும் ஏலத்துல சேத்துக்கணுமா, சொல்லுங்க. கொட்டிட்றேன்" என்றேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மோசஸ் அண்ணன் எழுந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகக் கோழித் தீவனத்துக்குக் கடைக்குப் போகிற மனிதர் அவர். "ஏலம் வுடுங்க, வேணான்னு சொல்லல. ஆனா நா எடுக்க மாட்டேன். என் கோழிக்கு இந்த அரிசி வாணாம்" என்றார். அவர் எடுக்காவிட்டால் எடுக்க ஆளே கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதோடு பேச்சு முடிந்தது. ஞாயிறு பள்ளிக்கு வேறு இடம் பார்க்கிறார்கள். டிரம் அங்கேயே இருக்கிறது.

இதுதான் சேதி. சபையை ஜெயித்துவிட்டாய், அதுவும் உன் கோழிக்காரரை வைத்தே.

இன்னொன்று. நான் இப்போது விரலை விரித்துத்தான் அள்ளுகிறேன். நீ பார்த்துச் சிரிக்க முடியவில்லை என்பது ஒன்றுதான் குறை.

கஞ்சி குழைந்துவிட்டது. தூக்கில் ஊற்றி மூடியைத் துணியால் கட்டியாயிற்று. அதே லைன் வீட்டில் ஜார்கண்ட் பையன் ஒருவன் காய்ச்சலில் கிடக்கிறான். எனக்கு இந்தி வராது என்று பிகாஷ் கூட வருகிறான். வாசலில் நின்று அவசரப்படுத்துகிறான்.

"இன்னாக்கா எழுதிக்கினு குந்திக்கினு கீற, ஆறிப்பூடும், தூக்க இப்டிக் குடு."

இதோ வந்துட்டேன்மே என்று வாயில் வந்துவிட்டது.