முன்னாடி வந்து நில்லு

நவ. 12, புதன்

விடியலிலிருந்து தூறல். ஸ்கூட்டர் கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் போனதுதான் மிச்சம். குடையில் ஒரு கம்பி வேறு மடங்கிக்கொண்டது. ஆபீஸ் ஜீப் வரும்வரை வில்லியனூரில் டீக்கடை ஓரமாக நின்றேன். பாதி நனைந்தாயிற்று.

இன்று இல்ல ஆய்வு. பாகூர் போகும் வழியில் இருக்கிற பெண் பிள்ளைகள் இல்லம். போனது சார், டாக்டர் அம்மா, நான். சார் எங்கள் மேலதிகாரி. நான் கான்ட்ராக்டில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர். பெயர் பெரிது, நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம்.

பார்த்தவை:
கக்கூஸ் கதவுகள் - உள்தாழ்ப்பாள் இருக்கிறது. சரி.
சமையல் - எண்ணெய் டின் மூடாமல் கிடந்தது. சொன்னேன்.
படுக்கை - இடைவெளி போதும். ஒரு மெத்தையில் ஈர வாடை.
காம்பவுண்டு சுவர் - குட்டை. போன தடவையும் எழுதினேன், அதற்கு முந்தியும் எழுதினேன்.

இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற லூர்து அக்காவிடம் சுவரைக் காட்டினேன். "அது தானா வளர நான் இன்னா மேடம், தண்ணி ஊத்தவா?" என்றாள். டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை.

புகார்ப் பெட்டியைத் திறந்தேன், சாவி என்னிடம்தான். இரண்டு சீட்டு. "ஷாம்பு கண்ணு எரியுது." இன்னொன்று: "உப்மா வேணா. வேணவே வேணா." கையெழுத்துக்குப் பதில் ஒரு பூ. நானும் உப்புமா கட்சி இல்லை. அக்காவிடம் சிபாரிசு செய்திருக்கிறேன்.

குட்டி நன்றாக இருக்கிறாள். (பிள்ளைகளின் பெயரை இங்கேகூட எழுதுவதில்லை. தொழில் பழக்கம். குட்டி என்றே இருக்கட்டும்.) ரெண்டு வருஷம் முன்பு அவளை ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தது நான். அப்பன் அடித்ததில் தோள் எலும்பு முறிந்திருந்தது. அம்மா இல்லை. அவள் இருக்கும் இடம் அப்பனுக்குத் தெரியவே கூடாது என்று குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு. வந்த புதிதில் பேச்சே கிடையாது, அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அலைவாள். இப்போது கோகோ டீமில் இருக்கிறாளாம். "நான் தொட்டா அவுட்டுதான் மிஸ்" என்கிறாள். கேட்கவே எனக்குக் குஷி.

கிளம்பும்போது வழக்கமான போட்டோ. இடமும் நேரமும் கீழே அச்சாகி, பிள்ளைகளோடு நாங்கள் நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஆய்வு நடந்ததாகவே கணக்கில் வராது. "லொகேஷன் ஆன்ல இருக்கா பாரும்மா" என்றார் சார். குட்டி பெரிய பெண்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள். "முன்னாடி வந்து நில்லுடி, முகமே தெரியல" என்று கையைப் பிடித்து இழுத்து, தோளில் கை போட்டுக்கொண்டேன். சிரித்தாள். நல்லாவே வந்தது போட்டோ. ஜீப் ஏறுவதற்குள் சார் ஆபீஸ் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டார்.

வீட்டில் துணி ஒன்றும் காயவில்லை. பெண்ணுக்கு மூக்கு ஒழுகுகிறது. மிளகு ரசம்.

நவ. 14, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. குழந்தைகள் தினம். ஆபீஸில் விழா, பேனர், மைக் கரகரப்பு. குழந்தை உரிமைகள் பற்றி மூன்று பேர் ஒரே பேச்சைப் பேசினார்கள். எனக்கு ரெண்டு லட்டு கிடைத்தது.

கொம்யூன் பஞ்சாயத்து ஆட்கள் இருக்கிற இன்னொரு வாட்ஸாப் குரூப்பில் யாரோ நம் புதன்கிழமை போட்டோவைச் சுற்றி ரோஜாப்பூ வைத்து, "குழந்தைகள் தின நல்வாழ்த்துகள்" என்று போட்டிருந்தார்கள். பத்து பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நானும் ஒரு ஹார்ட் போட்டேன்.

குடை ரிப்பேருக்குக் கொடுக்கணும். மறக்காதே.

நவ. 16, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் தீரணும்.

சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். லூர்து அக்கா போன். "மேடம், கேட்டாண்ட அவங்கப்பன் நிக்கிறான்." எந்த அப்பன் என்று கேட்டேன், மடச்சி. "குட்டியோட அப்பன் மேடம்!"

கையைச் சரியாகக் கழுவக்கூட இல்லை. வீட்டுக்காரரை வண்டி எடுக்கச் சொல்லி ஓடினேன். போகிற வழியிலேயே போலீசுக்கும் சொன்னேன்.

கேட்டுக்கு வெளியே தனியாக நின்றிருந்தான். குடித்திருக்கவில்லை. கையில் ஒரு துணிக்கடைப் பை, பிஸ்கட் பாக்கெட். பைக்குள் ரோஸ் கலர் கவுன், ரெண்டு வருஷத்துக்கு முந்திய அளவு. என்னைப் பார்த்ததும் கும்பிட்டான்.

"நீங்கதான மேடம் இது?" என்று போனை நீட்டினான். ரோஜாப்பூ போட்டோ. "எம் பொண்ணு தோள் மேல கை வச்சிகினு நிக்கிறீங்களே."

உங்களுக்கு இது எப்படி வந்தது என்று கேட்டேன்.

"சேதராப்பட்டு கம்பெனில கூட வேல செய்யறவன் காட்னான். இது ஒன் பொண்ணு தானடா, நல்லா வளந்துட்டாளேன்னான். கீழயே ஊரு பேரு போட்டு இருக்குது. ரெண்டு வருசமா ஒருத்தன் சொல்லல மேடம், நீங்கதான் சொன்னீங்க."

நன்றி சொல்கிற குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"குடிய வுட்டுட்டன். ஒரு தபா காட்டுங்க, தூர நின்னு பாத்துட்டு போயிடறன்" என்று அழுதான். விட்டிருக்கலாம், யார் கண்டது? திருந்துகிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை முடிவு செய்யும் இடம் கேட் இல்லை, முடிவு செய்யும் ஆள் நான் இல்லை. நலக் குழுவில் மனு கொடுங்கள் என்று சொன்னேன். தலையாட்டினான். போலீஸ்காரர் வந்து பேசி அனுப்பிவைத்தார். வண்டியை உதைக்கும்முன் சுவரை ஒரு தரம் நின்று பார்த்தான், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை.

குட்டியைக் காணவில்லை. எல்லாரும் தேடினோம். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிக்கொண்டு கிடந்தாள். பாவாடை நனைந்திருந்தது. அப்பன் குரல் மட்டும் கேட்டிருக்கிறது, அதுவே போதுமாயிருந்திருக்கிறது. நான் கை நீட்டினேன். வரவில்லை. லூர்து அக்கா கூப்பிட்டதும் வந்தாள்.

பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு வந்து அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "பொறந்த நாளுக்குச் சோறு போட வர்றவங்கள கூட நான் ஒரு போட்டோ எடுக்க வுட்றது இல்ல. மூஞ்சியில அடிச்ச மாரி சொல்லிடுவன், கோச்சிகினு போனாலும் போவட்டும்னு. நீங்க வந்து நின்னா நான் இன்னா மேடம் சொல்ல முடியும்? எங்கள கேள்வி கேக்க நீங்க வர்றீங்க. உங்கள கேள்வி கேக்க யாரு வர்றா?"

மீன் கையோடு அழுதுகொண்டு நின்றேன்.

மறுபடி அந்தப் போட்டோவைப் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் நாங்களே ஒட்டிய நோட்டீஸ்: "குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடாதீர்." எழுத்து எழுத்தாகப் படிக்க முடிகிறது.

நவ. 17, திங்கள்

கனமழை. ஆபீஸ் வாசலில் தண்ணீர்.

குரூப்பில் எல்லாரும் போட்டோவை அழித்துவிட்டார்களாம். "டெலீட் பண்ணியாச்சும்மா" என்றார் சார், துடைத்துப் போட்டமாதிரி. என் ஹார்ட்டும் போய்விட்டது.

நடந்ததற்கு அறிக்கை கேட்டிருக்கிறார்கள். சார் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "சுவர் குட்டைன்னு நீயே மூணு தடவ எழுதியிருக்க. வாட்ச்மேன் கிடையாது. அத முன்னால வச்சி எழுது. போட்டோ எல்லாம் நம்ம நடைமுறை, அத ஏன் இழுக்கற?"

சுவர் குட்டைதான். வாட்ச்மேன் இல்லைதான். ஒரு சொல் பொய் இல்லாமலேயே எல்லாவற்றையும் லூர்து அக்கா தலையில் கட்டிவிடலாம். இல்லத்துக்கு நோட்டீஸ் போகும், எங்களுக்கு ஒன்றும் ஆகாது. சார் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். எனக்கும் இருக்கிறது.

மதியம் முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன். தட்டு எங்கே கழுவுகிறார்கள், தலையணை உறை எப்போது மாற்றுகிறார்கள் என்றெல்லாம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும், கேட்காத இடங்களில் என்ன நடந்தது என்று இந்த வேலையில் பார்த்திருக்கிறேன். ஆய்வே வேண்டாம் என்று சொல்ல என் வாய் வராது. ஆனால் அந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததும் எல்லா விதியும் அவர்களுக்கு, நாங்கள் விதிக்கு மேலே என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேன்? யாரும் சொல்லித் தரவில்லை. தானாக வந்துவிட்டது.

நவ. 18, செவ்வாய்

நலக் குழு கூடியது. தலைவர் அம்மா, ரெண்டு உறுப்பினர்கள். அப்பன் மனு கொடுத்துவிட்டான். அது தனியாக விசாரிக்கப்படும். இன்றைய கேள்வி ஒன்றே ஒன்று: குட்டி அங்கேயே இருப்பதா, வேறு இல்லமா.

லூர்து அக்கா கெஞ்சினாள். "எங்கூடவே படுக்க வச்சிக்கிறன். ஸ்கூலுக்கு நானே இட்டுகினு போய் இட்டுகினு வர்றன். வேற எடம் போனா மறுபடி வாய மூடிக்கும் மேடம் அந்தப் புள்ள."

அது உண்மை என்று எனக்குத் தெரியும். தலைவர் அம்மாவுக்கும் தெரியும்.

பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டார்கள். குட்டி, அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு: "இங்கதான் புடிக்கும். அவரு வராம இருந்தா."

பிறகு தலைவர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "இடம் தெரிஞ்சு போச்சு கண்ணு. தெரிஞ்ச இடத்துல ஒன்ன வைக்க எனக்குத் தைரியம் இல்ல." மாற்ற உத்தரவு. வெகுதூரத்தில் ஓர் இல்லம்.

நானும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன். அப்பன் தப்பு செய்து ஆஸ்பத்திரிக்குப் போனாள், நாங்கள் தப்பு செய்து ஊரை விட்டுப் போகிறாள். ரெண்டு தடவையும் மூட்டை கட்டுவது அவள்தான்.

வெளியே வந்து அக்காவிடம் மன்னிப்பு கேட்டேன். "எங்கிட்ட எதுக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நவ. 19, புதன்

வெயில். துணி காய்ந்தது.

அறிக்கை கொடுத்துவிட்டேன். சுவரும் எழுதினேன், வாட்ச்மேனும் எழுதினேன். அதற்கு மேலே, முதல் வரியில்: போட்டோவை எடுத்ததும் அனுப்பியதும் ஆய்வுக் குழு. குழந்தையை முன்வரிசைக்கு இழுத்து நிறுத்தியது நான். இனி ஆய்வில் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது.

சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "மார்ச்ல ஒன் கான்ட்ராக்ட் ரினீவல் வருது, ஞாபகம் இருக்கா?" இருக்கிறது சார். வீட்டில் சொன்னேன். இவர், "கரிக்கலாம்பாக்கத்துல பிளாட்டு போடறானே, அங்க போய் ரெண்டு பேரும் கல்லு நடலாம்" என்றார். சிரிப்பு வந்தது, பாவி மனுஷன்.

நவ. 20, வியாழன்

கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று. ஊர் பெயர் எழுதவில்லை.

லூர்து அக்கா கட்டிக் கொடுத்தது: நாலு செட் துணி, எண்ணெய் பாட்டில், பள்ளிக்கூட டி.சி., கண் எரியாத ஷாம்பு. கேட் வரை வந்தாள். குட்டி அழவில்லை. அக்காதான் அழுதாள்.

வண்டியில் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. பேசச் சொல்லிக் கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை. பாதி வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். எத்தனை மணி என்று பார்க்கப் போனை எடுத்தேன். சட்டென்று பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். "மணி பாத்தன்டி, அவ்ளோதான்" என்றேன். பையை இறக்கவில்லை. போனை அணைத்து டிரைவரிடம் கொடுத்த பிறகுதான் இறக்கினாள்.

புது இல்லத்துப் பொறுப்பாளர் நல்ல மாதிரி. குனிந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "வாங்க வாங்க. உங்க பேரு என்ன?"

குட்டி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தெளிவாக, தன்னுடையது இல்லாத ஒரு பெயரைச் சொன்னாள்.

"அழகான பேரு!" என்று அந்த அம்மாள் அந்தப் பெயரைச் சொல்லியே அவளைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். வாசலில் திரும்பி, "மேடம், ஆர்டர் காப்பி குடுங்க" என்று என்னிடம் கை நீட்டினார்.

கொடுக்கத்தான் வேண்டும். பையில் மேலாகவே இருந்தது, அவளுடைய நிஜப் பெயரோடு. அடிவரை கையை விட்டுத் தேடிக்கொண்டே நின்றேன்.