தொட்டியில் கண்ணில்லாத குட்டிகள்

மாமா,

சோறு குக்கரில் இருக்கிறது. ரசத்தைச் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தொட்டியில் வளர்க்கும் நீர்ப்பல்லி, அந்த ஆக்ஸலாட்டிலின் குட்டிகளை இன்று காலையிலும் பார்த்தேன். பாதிக்குக் கண்ணே இல்லை, அந்த இடத்தில் வெறும் தோல்தான். தீனி எதுவென்று தெரியாமல் ஒன்றின் காலை ஒன்று கடித்துத் தின்கிறது. கூடப்பிறந்ததையே ஜோடி சேர்த்ததால் வந்தது என்று டாக்டர் சொன்னதும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அன்று ராத்திரியே, "நம்ம பொண்ணு சிந்துவ உன் தம்பிக்கே குடுத்துடலாம், சொந்தம் வுட்டுப் போவாது" என்றீர்கள்.

நீங்களும் எனக்குத் தாய்மாமன்தான். நம் மூத்ததும் கண்ணில்லாமல்தான் பிறந்தது. சாமி குத்தம் என்று சொல்லிப் புதைத்தோம். அதற்கு நீங்கள் அழவில்லை.

தம்பி சாயங்காலம் பூ, பழத்தோடு வருகிறான். குட்டிகளை ஒளித்து வைக்காதீர்கள். தொட்டியை ஹாலில், அவன் உட்காரும் நாற்காலிக்கு எதிரே வையுங்கள். இது என்னடா என்று கேட்டால், டாக்டர் சொன்னதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

எல்லம்மா

சாவி பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம்.

சிந்துவைச் சந்தாபுராவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவன் கிளம்பிய பிறகுதான் வருவோம். மாப்பிள்ளைக்குக் காபியை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.