அத்தானின் முகம்

மார்ச் 3, திங்கள்

அச்சகத்தில் இன்று முழுக்க நான்காம் வகுப்பு அறிவியல் புத்தகம். தவளையின் வாழ்க்கைச் சுழற்சியில் அம்புக்குறிகள் எல்லாம் தலைகீழாகப் போயிருந்தன. வளர்ந்த தவளை முட்டைக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. திருத்தி முடிக்க நாலு மணி ஆகிவிட்டது. அங்கிருந்து நேரே சபைக்கு.

சபை என்றால் கோபுரம், மணி எதுவும் கிடையாது. மூடிப்போன மரக்கடையின் மேல்மாடி. ஞாயிறு காலை ஆராதனை. மற்ற நாட்களில் ஓவியம், நாடக ஒத்திகை, பாட்டு. நாற்பது பேர் இருப்போம். அதில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கலைப் பைத்தியம். தெருவில் எங்களைக் கூத்துச் சபை என்கிறார்கள். கேலிதான், ஆனால் தப்பில்லை.

தவக்காலத்துக்கு ஒரு கண்காட்சி வைக்கிறோம். இயேசுவின் கடைசி நாட்கள், ஆளுக்கொரு காட்சி. எனக்குச் சீட்டில் விழுந்தது தோட்டத்து முத்தம். யூதாஸ் குனிந்து முத்தமிட்டுக் காட்டிக்கொடுக்கிற இடம். ஆறடிக்கு நாலடி. மரங்கள், தீவட்டிகள், இயேசுவின் தோள் எல்லாம் முடிந்துவிட்டது. யூதாஸுக்குத்தான் முகம் வரவில்லை. சபையில் மண்பாண்டம் செய்கிற அண்ணன் பாவம், இரண்டு மணி நேரம் குனிந்து நின்று காட்டினார். வரைந்து பார்த்தால் பல்வலிக்காரர் மாதிரி இருந்தது.

இன்று போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனபோது ஒன்றில் விரல் நின்றது. அக்கா மகளின் பிறந்தநாள். அத்தான் குனிந்து குட்டியின் நெற்றியில் முத்தம் கொடுக்கிறார். அந்தக் கழுத்து வளைவு, பாதி மூடிய கண் — அப்படியே.

ஒரு மணி நேரத்தில் முகம் வந்துவிட்டது. என் கை அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

யாருக்குத் தெரியப்போகிறது? ஒரு தாடி வைத்தால் போச்சு.

மார்ச் 5, புதன்

தாடி வைத்தேன். முன்னைவிட அதிகமாக அவராகிவிட்டார்.

ஏன் அவர்? எழுதிவிடுகிறேன், நான் மட்டும்தானே படிக்கப்போகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா அக்கா வீட்டில் படுக்கையில் இருந்தார். நான் வேறு ஊரில் ஓவியக் கல்லூரியில், ஓர் இரவு ரயில் தூரத்தில். அப்பாவுக்கு மூச்சுத் திணற ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை காலை. எனக்குப் போன் வந்தது வெள்ளிக்கிழமை காலை. “அப்பா போயிட்டாரும்மா.” அத்தான் குரல். நடுவில் ஒரு முழு நாள் இருந்ததே, ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன். “எனக்குத் தோணல” என்றார்.

தோணல. அவ்வளவுதான். நான் வந்து சேர்ந்தபோது அப்பா பெட்டிக்குள் இருந்தார். அதற்குப் பிறகு அத்தானிடம் சிரித்துப் பேசியிருக்கிறேன், அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், படிப்பு முடிந்து இந்த ஊருக்கே வந்து இதே சபையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் விழுங்க முடியவில்லை.

மார்ச் 8, சனி

மறந்தே போயிருந்தேன் — விளக்கு மாட்ட வருவது அத்தான்தான். மின்வேலை அவர் தொழில். சபைக்கு என்ன வேலை என்றாலும் கூப்பிட்டால் வருவார். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்.

ஒவ்வொரு படமாக விளக்குப் போட்டுக்கொண்டு வந்தார். என் படத்துக்கு முன்னால் ஏணியைச் சாய்த்தார், ஏறினார், நின்றார். மாடியில் நாங்கள் இருவர் மட்டும். நான் தூரிகைகளைக் கழுவுகிற மாதிரி நடித்தேன். கழுவிய தூரிகைகளையே திரும்பக் கழுவினேன்.

“இவரு யாரும்மா?”

“யூதாஸ், அத்தான்.”

“ம்.”

விளக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு, “முகத்துல நிழல் விழுது. கொஞ்சம் சாய்ச்சா நல்லா தெரியும்” என்றார். சாய்த்தார். நன்றாகத் தெரிந்தது.

இறங்கி ஏணியை மடித்தார். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். “இல்ல, வேல இருக்கு” என்றார். எனக்குத் தெரியும், இன்று அவருக்கு வேறு வேலை இல்லை.

கண்டுபிடித்துவிட்டாரா? இல்லை. தாடி இருக்கிறதே. கண்டுபிடித்திருந்தால் கேட்டிருக்க மாட்டாரா?

மார்ச் 9, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆராதனை முடிந்து கண்காட்சியைத் திறந்தோம். நல்ல கூட்டம். வெளியிலிருந்தும் நிறைய பேர். என் படத்துக்கு முன்னால்தான் எல்லோரும் அதிக நேரம் நின்றார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறியிருந்தது, பொய் சொல்வானேன். அப்போது குட்டி ஓடி வந்தாள். எட்டு வயது. மூச்சு வாங்க நின்று பார்த்தாள்.

“அப்பா!” என்றாள். சந்தோஷமாக. “சித்தி, இது எங்க அப்பா! எனக்கு முத்தம் குடுத்த படம்! வீட்ல மாட்டியிருக்கோமே!”

பிறகு படத்துக்குக் கீழே இருந்த தலைப்பைக் கூட்டிப் படித்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் போனதை நான் பார்த்தேன். “இதுல நான் எங்க?” என்று கேட்டாள்.

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள், அத்தானைப் பார்த்தார்கள். அவர் மின்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அக்கா குட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

அத்தான் கடைசி ஆள் போகும்வரை இருந்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் போனாராம். நான் அதற்குள் ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

அக்கா போன் எடுக்கவில்லை. பதினோரு தடவை.

மார்ச் 12, புதன்

சபை ஆயரிடம் போனேன். படத்தை இன்றே இறக்கிவிடுகிறேன் என்றேன். அவர் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

“எனக்கும் தெரியும்மா. வியாழக்கிழம படத்த மாட்டும்போதே தெரிஞ்சுது.”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“படம் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதனால வாய மூடிக்கிட்டேன்.”

கலை, சத்தியம் என்று வாரம் தவறாமல் பேசுகிறோம். ஒரு மனுஷனை நாற்பது பேர் முன்னால் நிறுத்தினோம், படம் நன்றாக இருந்தது என்பதற்காக.

“நீ முதல்ல அவர்ட்ட போ” என்றார்.

மார்ச் 13, வியாழன்

போனேன். புதிதாகக் கட்டுகிற ஒரு பல் மருத்துவமனையில் சுவரைக் கொத்தி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் சிமெண்டுத் தூசி. ஒரே நாளில் கிழவராகிவிட்ட மாதிரி. மன்னிச்சிடுங்க அத்தான் என்றேன், இன்னைக்கே இறக்கிடுறேன் என்றேன். சுத்தியலைக் கீழே வைத்தார்.

“எடுக்காத.”

“இல்ல அத்தான் —”

“நீ அத எடுத்தா, பாத்தியா, அவருதான் அதுன்னு எல்லாருக்கும் உறுதியாயிடும். எதுக்கு எடுத்தாங்க, என்ன செஞ்சாருன்னு கிளம்பும். இருக்கட்டும். முடியற வரைக்கும் இருக்கட்டும்.”

கோபமே இல்லாமல் சொன்னார். ஏற்கெனவே உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார். நான் கொடுத்த சுமையை எப்படித் தூக்கினால் வலி குறையும் என்று பார்த்து வைத்திருக்கிறார்.

“குட்டிகிட்ட மட்டும் பேசு. அந்த போட்டோவ செவுத்துலேந்து கழட்டி பீரோக்குள்ள வச்சிட்டா.”

அவ்வளவுதான். திரும்பவும் கொத்த ஆரம்பித்தார்.

மார்ச் 16, ஞாயிறு

ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன் குட்டியை யூதாஸ் மக என்று கூப்பிட்டானாம். அவள் அவனைக் கடித்துவிட்டாள். ஆசிரியை அவளை மன்னிப்புக் கேட்கச் சொன்னாராம். கேட்டிருக்கிறாள்.

நான் செய்ததற்குக் கடைசியில் மன்னிப்புக் கேட்டது அவள்.

மார்ச் 19, புதன்

மத்தியானம் அக்கா அச்சகத்துக்கே வந்துவிட்டாள். வாசலில், காகிதக் கட்டுகளுக்கு நடுவில் நின்று பேசினோம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏன்டி? அவரு உனக்கு என்ன செஞ்சாரு?”

சொன்னேன். அந்த வியாழக்கிழமை, அந்த ஒரு நாள், “தோணல.” நாலு வருஷமாக வாயைத் திறக்காதவள், எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதுகொண்டே. உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் கத்த வேண்டியிருந்தது.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தக் காகிதக் கட்டு ஒன்றின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அவரு காலைலயே போன எடுத்தாரு. நான்தான் புடுங்கி வச்சிக்கிட்டேன்.”

எனக்குப் புரியவில்லை.

“ரெண்டு வருஷம் அப்பாவுக்கு நான் எல்லாம் பாத்தேன். பீ மூத்திரம் எடுத்தேன். அவரு கண்ணு தெறந்தா உன் பேரு. சின்னவ எங்க, சின்னவ வந்தாளா. கடைசி அன்னைக்காவது... ஒரு நாளு எனக்கே எனக்குன்னு இருக்கட்டும்னு நெனச்சேன். சாயங்காலம் சொல்லிக்கலாம்னு. சாயங்காலம் ஆகறதுக்குள்ள போயிட்டாரு. அப்புறம் உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரல. விடியட்டும் விடியட்டும்னு உக்காந்திருந்தேன்.”

“அத்தான்?”

“நான்தான் சொல்லாம விட்டேன்னு சொல்லிக்கிறேன்னாரு. ‘அவ எம்மேல கோவப்பட்டா பரவால்ல, நான் வெளியாளு. நீங்க ரெண்டு பேரும் பேசாம போயிட்டா யாரு இருக்கா உங்களுக்கு?’ன்னாரு.”

இயந்திரம் நின்றது. யாரோ சாப்பிடப் போகிறார்கள். அக்கா எழுந்து புடவையில் ஒட்டிய காகிதத் தூளைத் தட்டினாள். நான் அவளைத் தொடப் போனேன். விலகிக்கொண்டாள். இல்லை, நான்தான் சரியாகப் போகவில்லையோ.

அக்காமீது கோபம் வருகிறதா? வருகிறது. ஆனால் அதை எந்த முகத்தோடு காட்டுவேன்?

மார்ச் 20, வியாழன்

வெளியாளு.

மார்ச் 23, ஞாயிறு

ஓவியர்கள் தங்கள் படத்தைப் பற்றிப் பேசுகிற நாள். அக்கா குடும்பம் வரவில்லை. நான் எழுந்து நின்றேன். எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்க முடியவில்லை.

இந்த முகம் என் அத்தானுடையது, இது ஒரு தகப்பன் தன் மகளுக்குக் கொடுத்த முத்தம், அதை நான் எடுத்துவந்து இங்கே வைத்தேன், அவர்மேல் இருந்த மனக்கசப்பில் செய்தேன், அந்தக் கசப்புக்கு அவர் எந்தவிதத்திலும் காரணமில்லை என்று சொன்னேன். அக்காவைப் பற்றி மூச்சு விடவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

உட்கார்ந்தேன். பிறகு கிடார் வாசிக்கிற தம்பி கைதட்டினான்! அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். “ரொம்ப நேர்மையான பகிர்வு” என்று ஒரு அம்மா என் தோளைத் தட்டினார். வேறு ஊரில் ஓவியக்கூடம் நடத்துகிறவர் ஒருவர் ஓரமாகக் கூப்பிட்டு, இந்தக் கதையையும் பக்கத்தில் எழுதி மாட்டினால் படத்தைத் தன் கூடத்தில் வைக்கத் தயார் என்றார்.

குற்றத்தை ஒத்துக்கொண்டதும் ஒரு நிகழ்ச்சியாகிவிட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே — வீட்டுக்குத் தீ வைத்தவளே நான்தான், பிடுங்கவும் நானா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மண்பாண்டம் செய்கிற அண்ணன் மட்டும் கைதட்டவில்லை. “அந்தப் புள்ளகிட்ட சொன்னியா?” என்று கேட்டார். இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

பள்ளி வாசலில் குட்டிக்காகக் காத்திருந்தேன். மண்டியிட்டு, அவள் உயரத்துக்கு வந்து சொன்னேன்: சித்தி தப்பு செஞ்சுட்டேன், அப்பா நல்லவரு, நான் கோவத்துல வரஞ்சிட்டேன்.

“எங்க அப்பா நல்லவருன்னு எனக்குத் தெரியும்” என்றாள். “நீங்க ஏன் சொல்றீங்க?”

பை பெரியது, அவளைவிட அகலம். தூக்கித் தரவா என்றேன். வேண்டாம் என்றாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. மூன்று மணி நேர ஆராதனை. அவர்கள் வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் வேறு ஒரு சபைக்குப் போகிறார்களாம், ஆயர்தான் சொன்னார். நடுவில் ஒலிபெருக்கி இரைந்தபோது பழக்கத்தில் எல்லோரும் திரும்பி அத்தானைத் தேடினார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கண்காட்சி முடிந்தது. என் படத்தைக் கடைசியாக இறக்கினேன். முகத்தை மட்டும் அழித்துவிட்டு வேறு முகம் வரையலாமே என்றார்கள். இனி யார் முகத்தை அங்கே வைப்பது? வெள்ளைப் பூச்சை எடுத்து மேலிருந்து கீழே அடித்தேன். மரங்கள், தீவட்டி, எல்லாம். நான் வரைந்ததிலேயே நல்ல படம் அது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆயர் சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பூச்சு தேவைப்பட்டது.

மே 4, ஞாயிறு

அக்காவிடமிருந்து ஒரு செய்தி: “அப்பா கல்லறைக்குப் போயிருந்தேன். உனக்காகவும் பூ வச்சேன்.” பத்து தடவை பதில் எழுதி அழித்தேன். கடைசியில் “சரிக்கா” என்று மட்டும் அனுப்பினேன்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்றாவது வாரமாக அவர்கள் சபைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெறும் சுவர், ஒரு படம் கிடையாது. முதல் இரண்டு வாரமும் அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி போய்விட்டார்கள். நியாயம்தானே.

இன்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரத்தில் அத்தான் முன் வரிசையிலிருந்து எழுந்து வந்தார். எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்து எனக்கும் கொடுத்தார், முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்கிற மாதிரி. பிறகு கையை விடாமலே, “சாப்பிட வீட்டுக்கு வா. அக்கா சொல்லச் சொன்னா” என்றார்.

“நீங்க, அத்தான்?”

“நான்தான வந்து சொல்லிட்டிருக்கேன்?”

போனேன். அக்கா கதவைத் திறந்து, “கை கழுவிட்டு உக்காரு” என்றாள், நேற்றும் வந்துபோனவளிடம் சொல்கிற மாதிரி. குட்டி எனக்கு எதிரே உட்கார்ந்தாள், பக்கத்தில் இல்லை. யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. மின்சாரக் கட்டணம், குட்டியின் கணக்கு டீச்சர், அக்காவின் முட்டிவலி. நான் சோற்றைப் பிசைந்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சித்தி ஏம்ப்பா சாப்பிடல?” என்று குட்டி அத்தானிடம் கேட்டாள்.

“சாப்பிடுவா. அவசரப்படுத்தாத.”

சாப்பிட்டேன்.