அம்மன் மடுவில் சீமை மீன்

மாப்பிள்ளை,

இன்று காலை அம்மன் மடுவில் கிடந்த பொரியைப் பார்த்ததும் உன்மேல் மறுபடியும் எரிச்சல் வந்தது. மரு உதிர வேண்டிக்கொண்டு யாரோ மீன்களுக்குப் படி நிறையக் கொட்டியிருக்கிறார்கள். அத்தனையும் நமுத்துப்போய்ப் பாறையோரம் ஒதுங்கிக் கிடந்தது. தின்ன ஒரு வாய் இல்லை. உன் சீமை மீன் பொரி தின்னாது. பொரி தின்கிற மீனைத்தான் தின்னும்.

செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். உன் விஷயத்தில் அது எனக்குச் சரிவரவில்லை.

நாம் சின்னமனூரிலிருந்து மலையேறித் தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த மடுவில் கால் வைத்தால் கூச்சம் தாங்காது. கோட்டுக் கெண்டைகள் கூட்டமாக வந்து விரலைக் கொத்தும். இரண்டு விரல் நீளம், விலாவில் ஒரு கறுப்புக் கோடு. கீழே முல்லையாற்றிலும் தேடிப் பார்த்திருக்கிறேன், அந்த மீன் கிடையாது. இந்த ஓடைக்கே உரியது. மடுவில் மீன் பிடிக்கக் கூடாதென்பது அம்மன் கட்டு. அதனால் பயமில்லாமல் பெருகிக் கிடந்தன.

அப்போதுதான் எஸ்டேட் துரைக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. மூணாறுப் பக்கமிருந்து ட்ரவுட் என்கிற சீமை மீன் குஞ்சுகளைக் குடங்களில் வரவழைத்து, மேல் ஓடையில் விடச்சொல்லி உன்னிடம் கொடுத்தார். நீயும் விட்டாய். ஒரு குடத்தை மட்டும் துண்டால் மூடி இங்கே தூக்கிவந்தாய்.

"துரை தூண்டிலுக்குத் தப்பி நாலு உசுராவது பொழைக்கட்டும் மச்சான். இங்கன எவன் கை வைப்பான்?"

இரக்கமாம்! பாவம் பார்த்து நரிக்குட்டியைக் கோழிக்கூட்டில் விட்டவன் நீ.

இரண்டு மழைக்காலத்துக்குள் கெண்டைக் கூட்டம் பாதியாகிவிட்டது. சீமை மீன்களோ முழங்கை நீளம் வளர்ந்து திரிந்தன. பிடித்துத் தொலைப்போம் என்று நான் சொன்னபோதெல்லாம் நீ குறுக்கே நின்றாய்.

"அம்மன் மடுவுல விழுந்ததெல்லாம் அம்மன் பிள்ளைதான். இதுல சீமை என்ன, நாட்டு என்ன?"

"அப்ப கெண்ட யாரு பிள்ளை?" என்று கேட்டேன். நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாய். வாதத்தில் தோற்றால் எப்போதும் அதுதான் உன் பதில்.

யுத்தம் வந்ததும் துரை தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மழையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. எஸ்டேட்டில் யாரிடம் முறையிட்டாலும், அம்மன் பிள்ளை என்று உன் வசனத்தையே எனக்குத் திருப்பிச் சொல்கிறார்கள்.

இன்றைய எரிச்சலில் அம்மன் கட்டை மீறித் தூண்டில் போட்டுவிட்டேன். ஒன்று மாட்டியது. கரையிலேயே வயிற்றைக் கீறினேன். உள்ளே மூன்று கெண்டைகள், கறுப்புக் கோடு கலையாமல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மீனைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உன் பெண்சாதி, என் தங்கச்சி, பார்த்துவிட்டாள். சாமி குத்தம் என்று தலையிலடித்துக்கொள்வாள் என நினைத்தேன். விவரத்தைச் சொன்னேன்.

"இன்னும் எத்தன கெடக்கு அண்ணே?"

"ஏழெட்டு இருக்கும் ஆத்தா."

"அம்புட்டையும் பிடிச்சிருங்க. உங்க மாப்பிள்ளை கோவிச்சா நான் பேசிக்கிறேன்" என்று அம்மியைக் கழுவ உட்கார்ந்தாள்.

பாறைச் சந்துகளில் பொடிக் கெண்டைகள் கொஞ்சம் இன்னும் ஒளிந்திருக்கின்றன. நாளைக்கும் போகிறேன், மாப்பிள்ளை. நம் சண்டை பாதியில் நிற்கிறது; எதிர்ப்பேச்சு இல்லாமல் அதை நான் ஒருவனே சுமக்க வேண்டியிருக்கிறது. நீ வந்து என்னை நாலு வார்த்தை வைதால் தேவலை.