நாலாம் மாடிக்கு நான் போகவில்லை

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மா எழுதுவது. நான் மருத்துவமனையிலிருந்து இந்த முதியோர் இல்லத்துக்குத் திரும்பிய நாள் முதல் ஒரே மருந்தை இரண்டு பெயரில் ஆறு நாள் கொடுத்திருக்கிறார்கள். நடந்தது இதுதான். எனக்கு மறதி நோய் என்று மேனேஜர் உனக்குப் போன் பண்ணிச் சொன்னது தப்பு. என்னை நாலாம் மாடிக்கு மாற்றச் சம்மதம் கேட்டு அவர் அனுப்பிய தாளில் நீ கையெழுத்துப் போடக் கூடாது. மீதியை டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் படி.

மறதி நோய்க்காரர்களை வைக்கும் அந்த நாலாம் மாடிக்கு வெளிப்பக்கம் பூட்டு. இங்கே யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. 'மேலே' என்பார்கள், அவ்வளவுதான். மேலே போனவர் கீழே வந்து நான் பார்த்ததில்லை.

இந்த இல்லத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொருவருடைய மாத்திரையையும் வாரத்துக்கு ஒருமுறை குட்டிக் குட்டி அறை வைத்த டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிடுவார்கள். நிமோனியா வந்து நான் ஒன்பது நாள் வெளியே கிடந்தபோது என் டப்பா நிறைந்தபடியே இங்கே இருந்தது. கால் நரம்பு வலிக்கு நான் போடும் மாத்திரையை மருத்துவமனையில் வேறு கம்பெனிக்கு மாற்றி, அளவையும் கூட்டினார்கள். பழையதை நிறுத்தவும் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியும் கொடுத்தார்கள். அந்தத் தாளை இங்கே அழகாக ஓட்டை போட்டு ஃபைலில் கோர்த்துவிட்டார்கள். படிக்கத்தான் ஆளில்லை. டப்பாவிலிருந்து ஒன்று, புதுப் பையிலிருந்து ஒன்று என்று நீட்டினார்கள். நானும் வாயைத் திறந்தேன். முப்பத்தெட்டு வருஷம் பெயின்ட் கடை நடத்தியவள் நான். பில்லோடு ஒத்துப் பார்க்காமல் ஒரு டப்பாவைக்கூட உள்ளே விட்டதில்லை. என் வாய்க்குள் போனதை மட்டும் பார்க்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஆறு நாளும் பகலெல்லாம் தூக்கம், நடந்தால் தள்ளாட்டம். நர்ஸைப் பார்த்து, மணி பத்தாச்சு, ஏன் இன்னும் ஷட்டரைத் தூக்கலைன்னு அதட்டினேனாம். செருப்பை ஃபிரிட்ஜில் வைத்தேனாம். உன் போட்டோவைக் காட்டி யார் என்று கேட்டபோது என்னவோ சொன்னேனாம். அதை மட்டும் பக்கத்து அறை வாத்தியாரம்மா சொல்ல மாட்டேன் என்கிறாள். நானும் கேட்கப் போவதில்லை.

மேலே மாற்றப் போவதாக மேனேஜர் வந்து சொன்னதும் பயத்தில் தூக்கம் கலைந்துவிட்டது. நான் சாப்பிடும் மாத்திரை அட்டையெல்லாம் கொண்டா என்றேன். அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் பாட்டி என்றது அந்த நர்ஸ் பெண். நான் உனக்குப் பாட்டி இல்லைம்மா, கஸ்டமர், எடுத்துட்டு வா என்றேன். வந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், பெரிய எழுத்தில் இரண்டு பெயர். அடியில் பொடி எழுத்தில் ஒரே பெயர். ஒரே ஃபாக்டரி சரக்கு இரண்டு லேபிளில் வருவதை எத்தனை பார்த்திருக்கிறேன்! மருந்துக்கடைக்காரருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அய்யோ, ரெண்டும் ஒண்ணுதாம்மா, இன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னு பதறினார். டாக்டர் அன்றைக்கே பழையதை நிறுத்தினார். இன்றோடு ஐந்து நாள். நேற்றுச் சீட்டாட்டத்தில் வாத்தியாரம்மா மூன்று ஆட்டம் தோற்று, என்னோடு பேசாமல் இருக்கிறாள்.

சின்னத் தவறும்மா, பெருசாக்காதீங்க என்றார் மேனேஜர். உங்க அம்மாவைப் பூட்டி வெச்சாலும் சின்னதுதானா என்றேன். ஜன்னல் பக்கம் பெரிய அறை தருகிறேன் என்றார். அறையை வைத்து என் வாயை அடைக்க முடியாது என்றேன். ஃபைலை அவர் மேஜையில் விரித்துவைத்து, முடிவு தெரியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மேனேஜர் போன் பண்ணியதும் பத்தே நிமிஷத்தில் சரி என்றாயாமே. வேலை நெருக்கடியில் இருந்திருப்பாய். இருந்தாலும், அம்மாகிட்ட போனைக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் உளறியிருப்பேன்தான். உளறினாலும் குரலைக் கேட்டிருப்பாய். இனிமேல் என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் முதலில் என்னைக் கூப்பிடு. நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

மேனேஜரோடு பேசி முடித்தது இது. எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மருத்துவமனையிலிருந்து யார் திரும்பினாலும் பழைய டப்பாவைக் காலி செய்து, பழைய பட்டியலையும் புதுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து அவருக்கோ வீட்டாருக்கோ வாசித்துக் காட்டிய பிறகுதான் முதல் மாத்திரை. மூன்று மாதம் நான் இதே அறையில், என் சாவி என் கையில். அதன் பிறகு வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்து என்னைச் சோதிப்பார். மறதி நோய்தான் என்று அவர் சொன்னால், யாரும் கையைப் பிடிக்க வேண்டாம், நானே மேலே போகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா